சஷ்டிக்கு ஆறு மிளகு

வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. "இப்பத்தான் சாப்பிட்டேன்" எனலாம். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" எனலாம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இழுக்கலாம். எதைச் சொன்னாலும் நம் ஜனங்கள் விடமாட்டார்கள். "அட, ஒண்ணே ஒண்ணு!" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அதை நம்பித்தானே நாமும் வேண்டாம் என்கிறோம்! மூன்றாம் தடவை கேட்கும்போது தயங்கித் தயங்கிக் கையை நீட்டினால் மானமும் போகாது, வயிறும் காயாது. வீரம்மாவுக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன? ஆனால் பாவி மகள், அத்தனை சாக்கும் இருக்க, யாருமே கட்டாயப்படுத்த முடியாத ஒரு சாக்கைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சஷ்டி விரதங்க" என்றாள்.

எதிர்க்கட்டில் பையனின் தாயார் சீதாலெட்சுமி, வாழையிலையில் மடித்த நாலு இட்டிலியை நீட்டிய கையோடு நின்றாள். பிறகு அதைப் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள், ஏதோ தீட்டுப் பண்ண இருந்தவள் மாதிரி. இட்டிலி போகிற திக்கையே வீரம்மாவின் கண் பார்த்துக்கொண்டு போயிற்று.

இது நடந்தது முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில், கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில். தீபாவளிக்கு மறுநாள்தான் வீரம்மா அங்கே வந்து சேர்ந்தாள். ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளும் புருஷன் கன்னையாவும் பால்வெட்டு. ஒரே பிள்ளை தங்கமணி, ஐந்து வயசு. ஒரு வாரமாகச் சீதபேதி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. பிள்ளை துணியாய்த் துவண்டு போனதும், டவுனுக்குப் போகிற லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கன்னையா அன்றைக்கே அதே லோரியில் திரும்பிவிட்டான். விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் வேலை போகும், லயத்து வீடும் போகும். போகும்போது அவன் சொன்னான்: "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. ஆஸ்பத்திரியிலயே சோறு போடுவாங்க. பெரிய ஆஸ்பத்திரி பாரு, நல்லாவே போடுவாங்க." தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட இருப்பவளுக்கும் ஒரு கரண்டி கிடைக்கும், அதை வைத்து அவன் சொன்னான். அவளும் நம்பினாள். கையில் இருந்தது தீபாவளி முறுக்கும் இரண்டு அதிரசமும்தான். முந்தானையில் முடிந்திருந்த காசு திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு. அதை அவிழ்த்தால் பிள்ளையை எப்படி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மறுநாள் பகல் சோற்று வண்டி வந்தது. வீரம்மா தூக்குச்சட்டி மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். வண்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

"நோயாளிக்குத்தாம்மா" என்றார் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் பக்கிரிசாமி. நல்ல மனுஷர், குரலில் வெட்கம்கூட இருந்தது. "கூட இருக்கறவங்க சாப்பாடு வெளிய பாத்துக்கணும். இங்க அதான் சட்டம்."

மூடியைத் துடைத்துத் துடைத்து அவள் சட்டி மேல் திரும்ப வைத்தாள். தங்கமணிக்கு வந்ததோ பார்லித் தண்ணீரும் அரோரூட் கஞ்சியும். அதையும் கோடு போட்ட பீங்கான் கோப்பையில் அளந்து ஊற்றி, பிள்ளை எவ்வளவு குடித்தது என்று கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் எழுதினார்கள். மிச்சம் மீதி என்று ஒன்றும் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் சீதாலெட்சுமி இட்டிலியோடு வந்தாள், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கிராணியின், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவின் சம்சாரம், காதில் கல் வைத்த தோடு. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்த எடுப்பில் வாங்கிக்கொண்டால் தோட்டத்துப் பஞ்சைகள் என்று நினைக்கமாட்டார்களா? ஒரு தடவை வேண்டாம் என்றால் போதும், அந்தம்மா விடமாட்டாள் என்று வீரம்மா கணக்குப் போட்டாள். தீபாவளி கழிந்து சஷ்டி ஆரம்பம் என்பது ஞாபகம் வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"புள்ளைக்காகவா?" சீதாலெட்சுமியின் குரல் தழைந்துவிட்டது.

"ஆமாங்க."

"பட்டினியா, ஒரு வேளையா? இல்ல... மிளகு விரதமா?"

வீரம்மாவுக்கு மிளகு விரதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு வேளை என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் அந்தம்மா மிளகு என்ற சொல்லைச் சொன்னபோது முகத்தில் வந்த மரியாதை இருக்கிறதே, அது இதுவரை யாரும் வீரம்மாவுக்குத் தராத மரியாதை. தலை தானாக ஆடியது.

"அம்மாடி! முத நாள் ஒரு மிளகு, ரெண்டாம் நாள் ரெண்டு, ஆறாம் நாள் ஆறு. மிளகும் தண்ணியும் தவிர ஒண்ணும் பல்லுல படக்கூடாதே! எங்க அம்மா ஒருக்கா இருந்தாங்க, நாலாம் நாளே மயக்கம் போட்டுட்டாங்க. நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன வைராக்கியம்!" என்று சீதாலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மிளகுக்கு நீ எங்க போவ? நான் கொண்டாறேன். அந்தப் புண்ணியம் எனக்கு இருக்கட்டும்."

கொண்டும் வந்தாள். அன்று சாயங்காலமே ஒரு மிளகு. காகிதத்தில் மடித்து, கூடவே கோயில் திருநீறு. வீரம்மா அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு மிளகு என்பது எவ்வளவு சிறியது என்று அதற்கு முன் அவள் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை தங்கமணிக்குப் போக்கு குறைந்திருந்தது. பத்துத் தடவை போனவள் ஆறு தடவைதான் போனாள். "பாத்தியா!" என்று சீதாலெட்சுமி இரண்டு மிளகோடு ஓடிவந்தாள். "முருகன் கண்ணத் தொறந்துட்டான்!" வார்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி காலைத் தொட்டே கும்பிட்டாள். "எம் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்க தாயி" என்றாள். எல்லாருடைய கையிலும் பிள்ளைக்குக் கொண்டுவந்த சோறோ பழமோ இருந்தது. வீரம்மாவின் பக்கம் வரும்போது அதை முந்தானையால் மூடிக்கொண்டார்கள், வாசனை போய் விரதக்காரியைச் சோதிக்கக்கூடாது என்று. என்ன அன்பு, என்ன அக்கறை! அந்த அன்பிலேயே ஒருத்தி செத்துப்போயிருப்பாள்.

ஆனால் வீரம்மாவை நிஜமாகப் பிடித்து ஆட்டியது பசி அல்ல, பயம். பொய்யாகச் சொன்ன விரதத்துக்குப் பிள்ளை ஏன் தேறியது? வாய் சொன்னது பொய்யாக இருக்கலாம். வயிறு பட்டினி கிடந்தது நிஜம்தானே? சாமி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டதோ? இப்போது பாதியில் தின்றால்? கன்னையாவிடம் ஆள் சொல்லி அனுப்பலாம், அடுத்த வேளைக்கு யாரிடமாவது கேட்கலாம் என்றெல்லாம் காலையில் நினைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள். முதல் நாள் மானத்துக்காகச் சொன்னதை இரண்டாம் நாளிலிருந்து பிள்ளைக்காகக் கடைப்பிடிக்க ஆரம்பித்தாள்.

அங்கிருந்து போகவும் முடியாது. தங்கமணி வேறு யார் கையாலும் குடிக்கமாட்டாள். நர்ஸ் மிஸ்ஸி வந்து கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். வலுக்கட்டாயமாக ஊற்றினால் துப்பிவிடுவாள். "உள்ள போற தண்ணியிலதான் இந்தப் புள்ள பொழைக்கணும்" என்று வெள்ளைக்கார டாக்டர் துரை சொன்னதாகப் பக்கிரிசாமி சொல்லியிருந்தார். கால் மணிக்கு ஒரு தடவை, "எங் கண்ணுல்ல, ராசாத்தில்ல, ஒரு வாய்" என்று தாய் கெஞ்சினால்தான் அந்த வாய் திறக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் கோப்பையில் பார்லித் தண்ணீரை வைத்துக்கொண்டு வீரம்மா வெகுநேரம் பார்த்தாள். ஒரு மடக்கு. ஒரே மடக்கு. அப்புறம் அட்டையைப் பார்த்தாள். பிள்ளை குடித்ததாக அங்கே எழுதிவிடுவார்களே, குடிக்காததைக் குடித்ததாக நினைத்து டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால்? கோப்பையை மகளின் வாயில் வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் முத்து பீவி. மகள் ரம்லத் கொய்யா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். காலை உயரத் தூக்கிக் கட்டி மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தார்கள். முத்து பீவியின் புருஷன் பீர் முகம்மதுவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை. முத்து பீவி வாய் ஓயாமல் பேசுகிறவள். மகளைத் திட்டுவாள், மணல் மூட்டையைத் திட்டுவாள், கொய்யா மரத்தை நட்ட ஆளை அவன் பாட்டன் பூட்டன் வரை திட்டுவாள். ஆனால் வீரம்மாவின் விரதத்தைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அவளும் நோன்பு. அந்த வருஷம் சஷ்டி பிறந்த மறுநாளே ரமலானும் பிறந்துவிட்டது. ஒரே பிறைக்கு இரண்டு பேரும் பட்டினி கிடந்தார்கள். சாயங்காலம் பீர் முகம்மது சைக்கிளில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். பக்கத்து மலாய்க்காரர் கம்பத்துப் பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியதும், முத்து பீவி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறப்பாள்.

நாலாம் நாள் சாயங்காலம் நோன்பு திறந்த கையோடு அவள் வந்து வீரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக்கூடாது. நீ நெசமாவே விரதமா?"

வீரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க்கா?"

"நோன்பு புடிக்கிறவளுக்கு மூணு மணிக்கு மேல கண்ணு வெயில்லயே இருக்கும். இப்ப வராந்தா தூணுல இருக்கு, இப்ப படியில எறங்கிடுச்சு, இன்னும் கொஞ்ச நேரம்னு. நான் முப்பது வருசமா அப்படித்தான் பாக்கறேன். நாலு நாளா உன்னையும் பாக்கறேன். நீ ஒரு தடவ வெளிய பாக்கல. விடியறதும் அடையறதும் உனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. முடியற நேரம்னு ஒண்ணு இருந்தாத்தான் அதுக்குப் பேரு நோன்பு. இல்லாட்டி அதுக்குப் பேரு வேற."

வீரம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: கன்னையா சொன்னது, சோற்று வண்டி, இட்டிலி, மிளகு, பிள்ளை தேறியது, இப்போது உள்ள பயம். முத்து பீவி கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே! இட்டிலி வேணாம்னு சொல்றதுக்கு முருகனையா கூப்பிடுவ? ஏதாச்சும் சும்மா ஒரு சாக்குச் சொல்லியிருக்கக்கூடாதா?" என்று திட்டினாள். உடனே அவளே வீரம்மாவின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தும் விட்டாள். "இரு, கஞ்சி இருக்கு, கொண்டாறேன்."

"வேணாங்க்கா. சாமி குத்தமாயிடும். இன்னும் ரெண்டே நாள்தான்."

"எங்க மார்க்கத்துல சீக்காளிக்கு நோன்பு இல்ல, வழிநடக்கறவனுக்கு இல்ல, பால் குடுக்கறவளுக்கு இல்ல. பெறகு முடிஞ்சப்ப புடிச்சுக்கலாம்னு அல்லாவே வுட்டுக் குடுக்கறான். உங்க முருகன் என்ன? ஒரு பழத்துக்காக அம்மா அப்பாவையே வுட்டுட்டு மலை ஏறிப் போன புள்ள! அவனுக்கா பசின்னா தெரியாது?"

வீரம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் முதல் சிரிப்பு. ஆனாலும் கஞ்சியைத் தொடவில்லை. பொம்பளைக்குப் பொம்பளை வாதம் வேண்டுமானால் செய்யலாம். பிள்ளையைப் பணயம் வைத்து யார் வாதம் செய்வார்கள்?

ஐந்தாம் நாள் காலை கோப்பை கையிலிருந்து நழுவியது. பீங்கான் சிமெண்டுத் தரையில் சிதறிய சத்தத்துக்கு வார்டே திரும்பியது. வீரம்மா குனிந்து பொறுக்கப் போனாள். தரை எழும்பி வருவதுபோல் இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கிரிசாமி ஓடிவந்து தூக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் டாக்டர் துரை நின்று பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"இத பாரும்மா" என்றார் பக்கிரிசாமி. "கூட இருக்கறவங்க படுத்துட்டா வார்டுல வச்சிருக்க முடியாது. நாளைக்கு ரவுண்டு வரும்போதும் நீ இப்படியே இருந்தா உன்னத் தோட்டத்துக்கு அனுப்பிடச் சொல்லிட்டாரு."

"புள்ள?"

"புள்ள இங்கதான் இருக்கும்."

"அது யாரு கையாலயும் குடிக்காதுங்களே ஐயா!"

பக்கிரிசாமியின் பார்வை அட்டைக்குப் போயிற்று. அவருக்கும் அது தெரியும். அட்டையில் எழுதுவது அவர்தானே.

அன்று பகல் முழுவதும் வீரம்மா சுவரில் சாய்ந்தே பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள். சாப்பிட்டால் சாமி பிள்ளையைக் கைவிடும். சாப்பிடாவிட்டால் தானே பிள்ளையைக் கைவிட வேண்டிவரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கமணி. கன்னையா பக்கத்தில் இருந்தாலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் இந்நேரம் மரத்தடியில் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரிச் சோறு தின்று பெண்டாட்டி தேறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. பீர் முகம்மது வழக்கம்போல வந்தார். அன்று அவர் கையில் ஒன்றுக்கு இரண்டு தூக்குச்சட்டி. முத்து பீவி வீரம்மாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், ரம்லத்தின் கட்டில் தெரிகிற ஜன்னலோரமாக உட்காரவைத்தாள். இரண்டாம் சட்டியைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினாள். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் மணத்தன.

"இதுல கறி போடல. கடையில தனி அடுப்புல, புதுச் சட்டியில வச்சாரு. நானே நின்னு சொல்லி அனுப்பினேன். குடி."

"வேணாங்க்கா."

"குடி தங்கச்சி."

"வேணாம். என்னால முடியாது."

நகரா முழங்கியது. முத்து பீவி பேரீச்சம்பழத்தை எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனவள், அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பையும் தள்ளி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உம்மா, நகரா அடிச்சாச்சு, நோன்பு தொற!" என்று ஜன்னல் வழியாக ரம்லத் கத்தினாள்.

"தொறக்க மாட்டேன்டி. இவ குடிச்சாத்தான்."

"அக்கா, என்னக்கா இது..."

"விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணி குடிச்சவ. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. நேரமாச்சுன்னா ஒரு நொடி தாமசிக்காம நோன்பு தொறக்கணும்ங்கறது எங்களுக்குக் கட்டளை. இன்னிக்கு உன்னால அதையும் மீறறேன். ஒரு நோன்பாளிய உக்கார வச்சுத் தண்ணி தொட வுடாம பண்ற பாவம் உனக்கு வேணுமா? வேணும்னா சொல்லு, நான் விடியற மட்டும் இப்படியே உக்காந்திருக்கேன். எனக்குப் பழக்கம்தான்."

பீர் முகம்மது படியில் இறங்கி நின்று சைக்கிள் மணியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். முத்து பீவியின் உதடு வறண்டு வெடித்திருந்ததை வீரம்மா பார்த்தாள். இந்த மனுஷிக்கு நான் யார்? உறவா, ஊரா? தோட்டத்தில் ஒரே லயத்தில் இருப்பவளா? ஐந்து நாளாக எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தவள் இவள் ஒருத்திதான். முதல் நாள் இட்டிலியைப் பார்த்துக்கொண்டு எந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ, அது இவ்வளவு நாள் கழித்து இப்படி வந்தது.

"ஒரு வாய்" என்றாள் முத்து பீவி. தங்கமணியிடம் வீரம்மா சொல்கிற அதே குரலில் சொன்னாள். "எங் கண்ணுல்ல."

வீரம்மா கிண்ணத்தை எடுத்தாள். "முருகா, என்னத் தண்டி, புள்ளய வுட்டுடு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு குடித்தாள். சூடு நெஞ்சில் இறங்கி, வயிற்றில் விழுந்து, கைவிரல் வரைக்கும் பரவியது. முத்து பீவி பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டாள். பிறகு இருவரும் கஞ்சி குடித்தார்கள். இரண்டாம் கிண்ணத்தின் நடுவில் வீரம்மா நிமிர்ந்தாள்.

வராந்தா முனையில் சீதாலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கையில் காகித மடிப்பு. அன்றைக்கு ஐந்து மிளகு.

இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்தன. வீரம்மாவுக்குக் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் கை வரவில்லை. சீதாலெட்சுமி காகித மடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். மகன் பாலனிடம்கூட உட்காரவில்லை.

அன்று ராத்திரி வீரம்மா பிள்ளையின் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள். ஒவ்வொரு முனகலுக்கும் உயிர் போய் வந்தது. காலையில் ஊரே சொல்லும், சஷ்டியைப் பாதியில் முறித்தவள், அதனால்தான் என்று. எது நடந்தால் அப்படிச் சொல்வார்கள் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கத் துணியவில்லை.

விடிந்தது. தங்கமணி கண்ணை விழித்து, கையை ஊன்றித் தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தா, பசிக்குது" என்றாள்.

இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. டாக்டர் துரை வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, இன்றிலிருந்து குழையச் சோற்றுக் கஞ்சி கொடுக்கலாம் என்றார். தாயையும் ஒரு பார்வை பார்த்தார். வீரம்மா முதுகை நிமிர்த்தி நின்றாள். "இன்னும் ரெண்டு வாரமாவது இருக்கணுமாம்மா. நீயும்தான் இரு" என்று பக்கிரிசாமி சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய மனசு அந்தப் பிள்ளைக்கு!

ஆனால் பகல் பார்வை நேரம் வந்ததும் மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. சீதாலெட்சுமி வந்தாள். கையில் காகித மடிப்பு இல்லை, பெரிய பித்தளைத் தூக்குச்சட்டி. பாலனைத் தாண்டி, வார்டுப் பெண்கள் எல்லாரும் பார்க்க, நேரே வீரம்மாவிடம் வந்தாள். சட்டியைத் திறந்தாள். வெண்பொங்கல். நெய் மேலே மினுங்கியது.

"இன்னிக்கு ஆறாம் நாள். ஆறு மிளகு" என்றாள் சீதாலெட்சுமி உரக்க, எல்லாருக்கும் கேட்கும்படி. "எண்ணித்தான் போட்டிருக்கேன். விரதத்துக்கு ஒரு கொறையும் இல்ல. சாப்பிடு."

பிறகு குனிந்து வாழையிலையைப் போடுகிற சாக்கில் வீரம்மாவின் காதருகே சொன்னாள். "ஒரு தடவகூட உன் மொகத்தப் பாக்கலடி நான். மிளகையே பாத்துக்கிட்டிருந்தேன். எண்ணி எண்ணிக் கொண்டாந்து குடுத்தேனே, பாவி!"

"நான்தானுங்க பொய் சொன்னேன் கிராணியம்மா..."

"வாய மூடு. சாப்பிடு."

"வேணாங்க, நேத்துதான்..."

"வேணாம்னா வுட்டுருவேனா? ஒருக்கா வுட்டதே போதும்!" என்று சீதாலெட்சுமி கரண்டி நிறைய எடுத்து இலையில் வைத்தாள். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.

பக்கத்துக் கட்டிலிலிருந்து முத்து பீவி கத்தினாள்: "கிராணியம்மா, நெய் வாசம் மூக்கத் தொளைக்குது. நோன்பாளின்னு ஒருத்தி இங்க இருக்கறது யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?" வார்டு முழுக்கச் சிரித்தது. சீதாலெட்சுமிதான் முதலில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீரம்மா சாப்பிட்டாள். நெய் வழிய, விரல் நக்கிச் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் கையை நிறுத்தினாள். சட்டியில் மிச்சம் இருந்த பொங்கலை ஒரு துண்டு இலையில் நன்றாக உருட்டி வைத்து, நாலு பக்கமும் மடித்து நார் கட்டினாள். ஆறு நாளில் முதல் தடவையாக, இன்னொருத்தருக்கு எடுத்து வைக்க அவள் கையில் ஏதோ இருந்தது.

"எனக்கா?" என்றாள் முத்து பீவி.

"நகரா அடிச்சதும்" என்றாள் வீரம்மா.

மூன்று மணிக்கு வெயில் வராந்தாத் தூணில் இருந்தது. வீரம்மா தங்கமணியை மடியில் சாய்த்துக்கொண்டு, பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெயிலையே பார்த்தபடி இருந்தாள். நாலு மணிக்கு வெயில் படியில் இறங்கியது. "இன்னும் கொஞ்ச நேரம்தான்க்கா" என்றாள்.